கை நிறையப் பூ

ஊர்வலம் மூன்று மணிக்குக் கிளம்பியது. அரை மணி நேரத்தில் என் கையில் பதினெட்டுப் பூங்கொத்து சேர்ந்துவிட்டது.

சூரிச்சில் பனிக்காலத்தை எரித்து அனுப்பும் திங்கட்கிழமை அது. பஞ்சாலும் துணியாலும் செய்து, வயிற்றிலும் தலையிலும் வெடி திணித்த பனிமனிதன் ஏரிக்கரை மைதானத்தில் விறகுக் குவியலின் மேல் நிற்பான். ஆறு மணிக்குத் தீ வைப்பார்கள். அதற்கு முன் பழைய தொழிற்சங்கங்கள் எல்லாம் பொய்முடி, கம்பளிக் கோட்டு, இடுப்பில் வாள் என்று பழங்கால வேஷத்தில் ஊரைச் சுற்றி நடந்து வர வேண்டும். எங்கள் சங்கம் ஒரு காலத்தில் செருப்புத் தைப்பவர்களுடையது. இப்போது அதில் வக்கீல்கள், பல் டாக்டர்கள், என்னைப் போல நிலம் அளப்பவர்கள். செருப்புத் தைக்க ஒருவருக்கும் தெரியாது.

நடக்கும் ஆணுக்குத் தெரிந்த பெண்கள் ஓரத்திலிருந்து ஓடி வந்து பூ கொடுத்து, கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். யார் கையில் அதிகம் பூ என்று ஆண்கள் வெளியே சொல்லாமல் எண்ணிக்கொண்டே நடப்பார்கள். போன வருடம் எனக்கு ஆறு.

இந்த வருடம் எல்லோரும் எனக்குத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலும் வெள்ளைப் பூ. மூன்று முத்தத்துக்குப் பதிலாக ஒரு நீண்ட அணைப்பு. "தைரியமா இரு சில்வான்." என் மாமனாரின் பல் டாக்டருடைய மனைவி அழுதே விட்டாள். பின்வரிசை என் முதுகில் மோதியது.

பக்கத்தில் நடந்த டோமினிக் எட்டிப் பார்த்தான். "என்னடா இது, உனக்கு மட்டும் கல்யாண ஊர்வலமா?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாரிடா."

"பரவால்ல. பாதிய நீ எடுத்துக்கோ."

"ஐயோ, வேணாம்பா. எடுத்தா என் பொண்டாட்டி என்னைத் தொலைச்சிடுவா."

என் மனைவி செரைனா நவம்பரில் இறந்தாள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். நான் இந்தச் சங்கத்தில் சேர்ந்ததே அவள் அப்பாவால்தான். மாமா வால்ட்டருக்கு மகன் இல்லை, மருமகனைச் சேர்த்தார். மார்ச்சில் போன் செய்து, "நடக்க வருவியா மாப்ள?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். இதுதான் கடைசி, இனி வரமாட்டேன் என்பதை மட்டும் அப்போது சொல்லவில்லை. மைதானத்தில் ஊர்வலம் முடிந்ததும் நேரில் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

அதற்கு முன் பேக்கரி மூலையைத் தாண்ட வேண்டும்.

அங்கே போட்டிருக்கும் பெஞ்சில்தான் செரைனா ஒவ்வொரு வருடமும் தங்கை மிரியாமோடு நிற்பாள். அவள் எனக்குப் பூ கொடுத்ததில்லை. இலையோடு ஒரு நூல்கோலுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நீட்டுவாள். "பொய்முடி வச்ச பெரிய மனுஷருக்கு." சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மிச்சத் தூரம் முழுக்க நான் அதைச் சுமப்பேன். ராத்திரி அதை நறுக்கி, உப்புப் போட்டுத் தின்போம்.

மிரியாமிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். "அந்த மூலையில நிக்காத. எதுவும் கொண்டு வராத." "சரி அத்தான்," என்றாள்.

மூலை வந்தது. மிரியாம் இல்லை. பெஞ்சை வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட் போட்டு விற்றிருந்தார்கள். செரைனா நிற்கும் இடத்தில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண். கழுத்தில் கேமரா. என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். குனிந்து ஒரு கொத்தை உருவி எடுத்துக்கொண்டாள்.

"தேங்க்யூ!"

நான் நின்றுவிட்டேன். நான் பூ வினியோகிக்க வந்தவன் என்று நினைத்துவிட்டாள். இப்படி ஒரு தப்பை இந்த ஊரில் பிறந்தவர்கள் யாரும் செய்யமாட்டார்கள்.

அவள் புருஷன் ஒன்று எடுத்தான். பக்கத்தில் ஒரு பாட்டி கையை நீட்டினாள். பெஞ்சு முழுக்கக் கைகள். நான் தடுக்கவில்லை. கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன், எடுக்க வசதியாக.

"டேய், உன் பூவ எடுக்கிறாங்கடா!" என்றான் டோமினிக்.

"எடுக்கட்டும்."

முன்வரிசையிலிருந்து மாமா திரும்பிப் பார்த்தார். "நட மாப்ள, நட. குதிரை வருது பின்னால."

நடந்தேன். கை வலித்ததே பாரம் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஆற்றோரம் முழுக்க யார் ஓடி வந்து கொடுத்தாலும் வாங்கி, அடுத்த பெஞ்சில் இருந்தவர்களிடம் நீட்டினேன். கடைசி வெள்ளை ரோஜா, தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணுக்குப் போனது.

மைதானத்துக்குள் நான் வெறுங்கையோடு நுழைந்தேன். அப்படி யாரும் நுழைவதில்லை. ஊரில் ஒருத்திக்குக்கூட வேண்டாதவன் என்று அர்த்தம். சங்கத் தலைவர் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்.

தீ வைத்தாகிவிட்டது. குதிரைகள் சுற்றி ஓடின. பனிமனிதனின் தலை சீக்கிரம் வெடித்தால் நல்ல வெயில்காலம் என்று நம்பிக்கை. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா பொய்முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். தலை வியர்த்திருந்தது.

"பூவெல்லாம் எங்க?"

"குடுத்துட்டேன் மாமா."

"யாருக்கு?"

"தெரியல. டூரிஸ்ட்டுங்க."

பொய்முடியாலேயே தலையைத் துடைத்தார். "அவ இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

"ஆமா."

சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கம்பளிக் கோட்டின் பெரிய பாக்கெட்டில் கையை விட்டார். உள்ளே எதுவோ மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்து எடுத்தார். நூல்கோல். இலை நசுங்கியிருந்தது. ரிப்பன் இல்லை.

"மிரியாம் காலையில குடுத்தா. மூலையில நிக்கக் கூடாதுன்னு சொன்னியாமே. என்கிட்ட குடுக்கக் கூடாதுன்னு சொல்லலையாம்." மூச்சு வாங்கினார். "மூணு மணி நேரமா தொடையில இடிச்சுக்கிட்டே வருது. கல்லு மாதிரி."

என் கையில் வேறு எதுவும் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

அவர் இடுப்பு வாளை உருவிப் பார்த்தார். வேஷ வாள், வெண்ணெய்கூட அறுக்காது. திரும்பச் செருகினார். "வீட்டுக்கு வா. அத்தை கத்தி வச்சிருக்கா."

"சரி மாமா."

"அடுத்த வருஷம் இந்தக் கோட்ட கொஞ்சம் லூஸ் பண்ணச் சொல்லணும். உன்னோடதும் தோள்ல இறுக்குது பாரு."

தீ வைத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பனிமனிதனின் இடுப்புவரைதான் ஏறியிருந்தது.

"பாக்கலாம் மாமா," என்றேன்.