கம்பத்தில் லூர்தம்மா

றுமானாவுக்கு இடுப்பு கழன்றுவிடும்போலிருந்தது. பகல் முழுக்கச் சவளக்கடை அரிசி மில்லில் மூட்டை தைத்து இழுத்த இடுப்பு. அந்த நோவோடு கல்முனைக்கு வந்து, லூர்தம்மாவின் வாசலில் நின்று ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இருக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை.

“விடியக்காலம் மெழுகுதிரியோட மூணு பேர் வந்து கதவத் தட்டுறாங்க,” என்றாள் லூர்தம்மா. “திறந்தது நான். ஒருத்தி அதிலயே மயங்கி விழுந்திட்டா.”

அவளுடைய தம்பி றெனோல்ட் உள்ளேயிருந்து வந்தான். மட்டக்களப்பிலிருந்து அழுதுகொண்டே ஓட்டோ பிடித்து வந்தவன்; மலர்வளையம் இன்னும் ஓட்டோவுக்குள் கிடந்தது. “அடக்கம் எத்தின மணிக்கெண்டும் போடல்ல. செத்த நோட்டீசக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாது இவளுக்கு.”

“அது செத்த நோட்டீஸ் இல்ல,” என்றாள் றுமானா.

“பின்ன என்ன, கலியாணக் காட்டா?”

அதே மில்லில் வேலைசெய்த லூர்தம்மாவின் வலக்கையில் மில் பெல்ட் இரண்டு விரல்களைத் தின்று ஒரு மாதமாகிறது. முதலாளி ஆஸ்பத்திரிக்குச் சோடாப் போத்தல் அனுப்பினார். கவனமில்லாமல் கை வைத்தது அவள் பிழை, நட்டஈடு இல்லை என்றும் சொல்லியனுப்பினார். நட்டஈடு கேட்டு ஆட்களைத் திரட்ட ஒரு போஸ்டர் வேண்டும். போஸ்டர் செய்வதை றுமானா ஃபோனில்தான் படித்தாள். சனங்களுக்காகப் போஸ்டர் வடிவமைப்பது பற்றிய வீடியோக்களை ஒலுவில் ஊரில் பாஹிமா என்றொரு பிள்ளை தெரிந்தெடுத்து ஒரே வரிசையில் போட்டிருந்தாள். றுமானா சாப்பாட்டு நேரங்களில் ஒரு கையில் சோறும் மறுகையில் ஃபோனுமாக எல்லாவற்றையும் பார்த்தாள். அதிலொன்று ஏதோ குளிர்நாட்டு வேலைநிறுத்தம். ஒரு தொழிலாளியின் முகம், கறுப்பு வெள்ளை. சுற்றிவர வெறுமை. ஒரு வரி மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் சின்னதாக. போஸ்டர் கத்தக்கூடாதாம். அந்தத் தொழிற்சாலை பணிந்ததாம்.

அப்படியே செய்தாள். லூர்தம்மா சம்மதித்து, தலைவாரி, படத்துக்கு நின்றாள். முகத்துக்குக் கீழே பெரிதாக ‘லூர்தம்மாவை மறவோம்’. நட்டஈடும், திங்கட்கிழமை மில் வாசலில் கூடுவதும் அடியில் எறும்பு வரிசையாக. அச்சானதை லூர்தம்மாவுக்குக் காட்டாமலே அவளுடைய தெருக் கம்பங்களில் நேற்றுப் பொழுதுசாய ஒட்டினாள்.

றுமானாவின் தெருவில் ஒருவர் இறந்தால், மௌத்தென்று பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கரில் சொல்வார்கள். எவருடைய முகமும் கம்பத்தில் தொங்காது. லூர்தம்மாவின் தெருவில் நிறமில்லாத முகம் கம்பத்தில் இருந்தால் எழுத்தை யார் வாசிக்கிறார்கள்? சிலுவை போட்டுக்கொண்டு செத்தவீட்டுக்கு நடப்பார்கள். அந்தக் கம்பங்களைத் தினமும் பஸ்ஸில் கடந்தவள்தான் றுமானா. ஒன்றையும் பார்த்ததில்லை.

இன்று காலை முதலாளி ஒரு போஸ்டரைக் கிழித்துவந்து மில்லுக்குள் எல்லோருக்கும் பிடித்துக் காட்டினார். “மௌத்தானவக்கு நட்டஈடு என்னத்துக்கு? கபுறுக்குழிக்குள்ள கடை போடவா?” திங்கட்கிழமை வாசலில் நிற்பதாக வாக்குக் கொடுத்தவர்களும் சிரித்தார்கள். சிரித்தவன் இனி வந்து நிற்கமாட்டான்.

“வேற அடிக்கிறன் லூர்தக்கா.”

“என்ட முகத்தில இனிக் கை வைக்காத.” கதவு சாத்தப்பட்டது.

றுமானா கம்பம் கம்பமாகப் போய் நகத்தால் சுரண்டினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. அதையும் வீடியோவில்தான் படித்திருந்தாள்.

திங்கட்கிழமை மில்லுக்கு எதிர்ச்சுவரில் புதியதை ஒட்டினாள். முகமில்லை, வெறுமையில்லை; காணி விற்பனை நோட்டீஸ்போல விளிம்புவரை தடித்த எழுத்து. பாஹிமாவின் வரிசையில் இத்தனை அசிங்கமாக ஒன்றும் கிடையாது.

முதலாளி வான் வண்டியை நிறுத்தி வாசித்தார். “நாளையிலிருந்து நீ வரத் தேவல்ல.”

“வாசிச்சீங்கதானே?” என்றாள் றுமானா.

வேலைக்கு வந்தவர்களும் வாசித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் நிற்கவுமில்லை, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள்.

சுவரில் இருந்தது இவ்வளவுதான்: மில் பெல்ட் தின்ற லூர்தம்மாவின் இரண்டு விரல்களுக்கு முதலாளி நட்டஈடு தரவேண்டும். இன்னும் தரவில்லை.