முன்னோட்டத்துக்கு வந்தவர்

1
இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இல்லை. என் அக்கா பையை நாற்காலியில் எறிந்துவிட்டு, "எல்லாம் வீணாப் போச்சுடா" என்றாள். தலைவலி அங்கே தொடங்கியது.

அக்கா மொழிக்கல்வி ஆய்வாளர். பிழைக்க வந்தவர்கள் வந்த இடத்து மொழியைப் பேசப் பழகுவது எப்படி என்று ஆராய்கிறாள். பெரிய ஆய்வுக்கு முன், சிலரை வைத்துச் சின்னதாக ஒரு முன்னோட்டம். ஒரு படத்தைப் பார்த்துப் பேச வேண்டும், ரெக்கார்டர் ஓடும்.

2
(முதல் தொடக்கம்: "சன்னல் வழியே மாலை வெயில் சாய்ந்தபோது..." வேண்டாம். பேச்சைப் பதிவு செய்த அறைக்குச் சன்னலே கிடையாது.)

படத்தில் கடற்கரை, குடை, சிரிக்கும் குடும்பம். வந்தவர்கள் "கடல்" என்றார்கள், "குடை" என்றார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். ஆயத்த ஆடை ஆலையில் தைக்கும் ஒரு பெண் அதுகூடச் சொல்லவில்லை. ஆனால் ரெக்கார்டரை நிறுத்தியதும், யாரோ செய்த பிழையை மேற்பார்வையாளர் தன் தலையில் கட்டிய கதையை அந்தப் புது மொழியிலேயே தட்டுத்தடுமாறிக் கொட்டித் தீர்த்தார். அவர் கண்களில் ஒரு (கண்களை விட்டுவிடுவோம்.)

"நிறுத்தித் தொலைச்சுட்டேனேடா!" என்று அக்கா என்னிடம் கத்தினாள்.

3
படம் குப்பைக்குப் போனது. புதுக் கேள்வி: 'உங்களுக்குக் கோபம் வந்த நாளைச் சொல்லுங்கள்.' பெரிய ஆய்வில் எல்லாரும் பொரிந்து தள்ளுகிறார்கள். அவர்களுக்கு இலவசப் பேச்சு வகுப்பும் உண்டு.

அந்தத் தையல்காரருக்கு அது இல்லை. முன்னோட்டத்துக்கு வந்தவரைப் பெரிய ஆய்வில் சேர்க்கக் கூடாதாம்.

"கேள்விதான் மாறிடுச்சே?" என்றேன்.

"அவங்க பேச்சுலேர்ந்துதான்டா அந்தக் கேள்வியே வந்துச்சு. அத வச்சு அவங்களையே எப்படி அளக்கிறது?"

(ஓரக்குறிப்பு: இந்த விதியை வகுத்தவர் மேல் எனக்குக் கோபம். விதி நியாயமாக இருப்பதால் இன்னும் கோபம்.)

4
முடிவு ஒன்று: அக்கா விதியை மீறுகிறாள். "என் வேலைக்கு வேட்டு வைக்கிறியா?" என்று அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டாள்.

முடிவு இரண்டு: கணக்கில் சேர்க்காமல் வகுப்பில் மட்டும் உட்கார வைக்கிறாள். "இருக்கிற இடம் அவ்வளவுதான். யார எழுப்பி வெளிய அனுப்பட்டும்? நீயே சொல்லு."

முடிவு மூன்று: தையல்காரர் எல்லாம் புரிந்துகொண்டு புன்னகையோடு... சீ. எழுதிய கைக்கே வெட்கமாக இருக்கிறது.

5
நடந்தது இதுதான். நேற்று அந்தத் தையல்காரர் வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"அன்னைக்கு பயத்துல பேச்சே வரல மேடம். இன்னொரு தடவ கேளுங்க, பேசிடுவேன். ஆலையில அந்த ஆளு திட்டினா நின்னு பதில் சொல்லணும். அதுக்குத்தான் இந்த வகுப்பு வேணும்" என்று தன் சொந்த மொழியில் கேட்டார்.

அக்கா விதியை விளக்கினாள். புதுக் கேள்வி என்ன என்பதையும், அது அவரால்தான் வந்தது என்பதையும் நன்றியாகச் சொல்லித் தொலைத்தாள்.

அவர் புது மொழிக்கு மாறினார். எங்கும் தடுமாறவில்லை.

"எனக்குக் கோபம் வந்த நாள் இன்றுதான்" என்றார்.

அக்கா என்ன பதில் சொன்னாள்? என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். "எழுத்தாளன்தானே, எழுது." எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார், உள்ளே ஒரு நாற்காலியும் காலி இல்லை.