கடற்பசுவும் முதல் கையெழுத்தும்

1

இந்தக் கதை காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கிடைத்தது. என் மனைவி மஞ்சளா அரக்கா என்று முடிவு கட்டுவதற்குள், பக்கத்துப் பாயில் ஒருவர் மடியில் ஃபைலோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் புளுகு.

2

‘கடல் அன்று கொந்தளித்து—’

(காஞ்சிபுரத்தில் கடல் ஏது? அடித்துவிட்டேன்.)

அவருக்குப் பூவராகவன் என்று பெயர் வைத்தேன். எழுபதாம் வருஷம். ராமநாதபுரம் கரையில் மீன்துறைச் சின்ன அதிகாரி. அங்கே ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு, கடலடிப் புல்லை மேய்ந்துவிட்டு மூச்சுவிட மேலே வரும். நைலான் வலையில் மாட்டினால் வர முடியாது. உள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். புல்வெளி பாதி நம் பக்கம், பாதி இலங்கைப் பக்கம். குட்டி போடும் மாதங்களில் இரண்டு கரையும் சேர்ந்து வலையை எடுத்தால்தான் உண்டு. இதைச் சொல்லிச் சொல்லியே மனுஷனுக்குத் தொண்டை வற்றிவிட்டது.

வலைக்காரி வள்ளி ஒன்றுதான் கேட்டாள்: “அக்கரையிலயும் எடுப்பாகளா சார்?”

எடுப்பார்கள் என்றார். அந்த வாக்கை நம்பி ஊரே வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாதி வயிற்றோடு கிடக்கிறது. அக்கரையும் எடுக்கும் என்று இன்று அவர் தந்தி வராவிட்டால் நாளை வலை மறுபடி இறங்கும்.

3

சென்னையில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் பேசி முடித்தார்கள். கையெழுத்துதான் பாக்கி. இலங்கையிலிருந்து வந்த சிவபாதம் கோயிலும் புடவையும் பார்க்க ஆசைப்பட்டார். பூவராகவனுக்குக் காஞ்சிபுரம் சொந்த ஊர் என்பதால் ஃபைலோடு அவரையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

(தறியின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து நாடா எறிவதை ஒத்துழைப்புக்கு உவமையாக— வேண்டாம், வெட்கமாக இருக்கிறது.)

கடையில் புடவைகளுக்கு நடுவே பூவராகவன் ஃபைலை நீட்டினார். சிவபாதம் நல்ல மனுஷர். “நீங்கள் முதலில் போடுங்கோ, நாங்கள் பிறகு போடுவம்” என்றார்.

கூட வந்திருந்த நம் பக்கத்து மேலதிகாரி சிரித்தார். “விருந்தாளிக்குத்தான் முதல் மரியாதை.”

கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போன ஊர் இது. முதல் கையெழுத்துக்கு மட்டும் ஆள் இல்லை. முதலில் போட்டவன் ஏமாளியாகிவிட்டால்? ஃபைல் இங்கும் அங்கும் போய்ப் பூவராகவன் மடிக்கே வந்தது. அந்த அலுப்பில்தான் அவர் தூங்கினார். விழித்தபோது சிவபாதத்தை ஏற்றிக்கொண்டு கார் விமான நிலையத்துக்குப் போய்விட்டிருந்தது.

4

இருவரும் கையெழுத்துப் போட்டதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. பூவராகவன் ராஜினாமா செய்ததாக இன்னொன்று. அதனால் கடற்பசுவுக்கு என்ன லாபம்?

ஆகவே தந்தி ஆபீஸில் நிற்கிறார். ‘எடுப்பார்கள்’ என்றால் பொய். நம் கரையில் மட்டுமாவது சில குட்டிகள் பிழைக்கும். வள்ளி வீட்டில் உலை ஏறாது. ‘எடுக்கமாட்டார்கள்’ என்றால் மெய். நாளைக்கே வலை இறங்கும், அக்கரையிலும் கிடக்கிறது. அப்புறம் அவை எங்கே போய் மூச்சுவிடும்?

“இன்னா சார், யோசிச்சிக்கினே இருக்கீங்க? கவுண்டர் மூடணும்பா” என்கிறார் குமாஸ்தா.

எனக்குக் கை ஓடவில்லை. எதை எழுதினாலும் என் வீட்டில் இன்று சோறு உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும். அந்தத் தைரியத்தில் எழுதுவதுதான் கூசுகிறது. இந்தாருங்கள் பேனா. வள்ளியின் முகத்தைப் பார்த்து வாக்குக் கொடுத்தவர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொல் எழுதுங்கள்.