சரீபாவின் வீட்டுக் கச்சான்

அரிசி விலை ஏறி நாடெங்கும் கடைகள் பூட்டப்பட்ட ஐம்பத்து மூன்றாம் வருடம், சாய்ந்தமருதில் கச்சான் காற்று சரீபாவின் வீட்டிலிருந்து வீசியது. மற்ற வருடங்களில் அது மேற்கே மலைகளில் புறப்பட்டு, நாவிதன்வெளி வயல்களைக் காயவைத்து, ஊரைக் கடந்து கடலுக்குள் போகும். அந்த வருடம் ஆனிக் கடைசியில் வயற்பக்கம் ஓர் இலைகூட அசையவில்லை. கடற்கரையிலிருந்து மூன்றாவது வீட்டு வளவில், பிறந்து ஒன்பது நாளேயான சரீபாவின் மகன் அபுல் ஹஸன் கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் கறுக்க வீரிட்டு அழும்போது மட்டும் வாசலால் சூடான காற்று கிளம்பி நேரே கிழக்கே போனது. பிள்ளை ஓய்ந்தால் காற்றும் ஓய்ந்தது. கிழக்கு வேலியின் கிடுகுகள் மூன்று நாளில் பறந்துபோயின. அயலவர்கள் ஈரத் துணிகளைக் கொண்டுவந்து அந்தப் பாதையில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். அரை மணியில் காய்ந்தன என்று மகிழ்ந்தார்கள். அதற்கடுத்த கிழமைதான் குற்றம் யாருடையது என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. பிள்ளையின் வயிற்றைத் தட்டினால் றபான் மேளத்தில் அடித்ததுபோல் கேட்டது. வயிற்றில் இருப்பது வாய்வு. பிள்ளை குடிப்பது தாய்ப்பால் மட்டும். ஆகவே வாய்வு சரீபாவின் பாலில் இருக்கிறது என்று ஊர் முடிவு செய்தது. சரீபாவின் தாய் மவுத்தாகிவிட்டதால் பிள்ளைப்பேறு பார்க்க வந்து நின்றவள் கூடப்பிறந்த மூத்த ராத்தா றாபியா. ஆறு பெற்றவள். முதலில் அவள் பருப்பை நிறுத்தினாள். பிள்ளை அழுதது, பலாக்காயை நிறுத்தினாள். மரவள்ளி, முருங்கை, முட்டை, தேங்காய்ப்பால், கடைசியில் தண்ணீரும் அளவுக்கு வந்தது. காற்று குறையவில்லை, சரீபாவின் பீங்கான்தான் வெறுமையாகிக்கொண்டு போனது.

"நீ திண்டதுதான் புள்ளட வயித்துல நிக்கிது," என்றாள் றாபியா.

"நான் என்னத்தத் திண்ட ராத்தா? நேத்துச் சோறும் மிளகுத் தண்ணியும்தானே தந்தீங்க?"

"அப்ப அந்த மிளகாத்தான் இருக்கும்," என்று சொல்லி, மறுநாள் மிளகையும் நிறுத்தினாள்.

பசித்தவளுக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. சரீபாவுக்கோ காரணங்கள் வரிசையாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றின. ஒருத்தி ஓமத் தண்ணீரைப் பிள்ளையின் வாயில் விட்டாள். சரீபா விரலைப் போட்டுத் துடைத்தெடுத்தாள். ஒருத்தி தொப்புளில் பெருங்காயம் பூசினாள். ஒருத்தி சரீபாவின் சட்டையைத் தூக்கி, கொழுத்த மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "இந்தப் பால் நீலம் பாஞ்சி கிடக்கு" என்று சொல்லிப் போனாள். வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள், தாயின் மார்பைப் பார்த்தார்கள். பிள்ளை குடிக்கும் வாயை எவரும் பார்க்கவில்லை.

கடலில் இது பெரிய விஷயமாகிவிட்டிருந்தது. மீராசாஹிபுவின் கரைவலைத் தோணி வலையைச் சுமந்துகொண்டு போய், வளைத்து இறக்கிவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் நேரம் பார்த்து அபுல் ஹஸன் அழுவான். காற்று தோணியைப் பிடித்து வெளிக்கடலுக்குத் தள்ளும். அந்தத் தோணியில் துடுப்புப் போடுகிற ஆறு பேரில் ஒருவன் சரீபாவின் கணவன் நூஹு. நல்லவன், சத்தம் போடத் தெரியாதவன். இருபத்தாறாம் நாள் காலையில் அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னான்:

"ஊரெல்லாம் கதைக்கிது, சரீபா. கொஞ்சம் கடையில விக்கிற பேணிப்பால் குடுத்துத்தான் பாப்பமே."

"நீங்களுமா மச்சான்?" என்றாள் அவள். "போங்க. போய்க் கடல்லயே நில்லுங்க." அவன் சலாம் சொன்னான். அவள் பதில் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பிள்ளை அழத் தொடங்கியது. அன்றைக்கு ஓயவில்லை. நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது தோணி ஒரு கறுப்புப் புள்ளியாக இருந்தது. தொழுது முடித்து வந்து பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளியும் தெரியவில்லை. கரையில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மீராசாஹிபு குடையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேருடன் வளவுக்குள் வந்தார். றாபியா கையில் ஒரு தகரப் பேணிப்பாலோடு உள்ளேயிருந்து வந்து அவர்கள் பக்கம் நின்றுகொண்டாள்.

"மகள், இனிக் கதைச்சி வேலையில்ல," என்றார் மீராசாஹிபு. "புள்ளைய உங்கட பால்ல இருந்து மறக்கடிங்க. இல்லாட்டி வயற்பக்கம் கொண்டு போய் வைங்க. ஆறு பேர்ட உசிரு."

"அந்த ஆறுல ஒண்டு எண்ட மாப்புள்ள," என்றாள் சரீபா. அவளுடைய குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்து றாபியா பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள்.

"தொடாதீங்க ராத்தா! இது வாப்பா எனக்குச் சீதனமா எழுதித் தந்த வீடு. எண்ட வீட்டுல என்னப் பட்டினி போட்டீங்க, பொறுத்தன். எண்ட வளவுக்குள்ள வந்து நிண்டு எண்ட பாலக் குத்தம் சொல்றீங்க. வெளிக்கிடுங்க! எல்லாரும் வெளிக்கிடுங்க!"

பேணியைப் பறித்து வீசினாள். அது வேலியைத் தாண்டி, காற்றில் ஏறி, கடற்பக்கம் போனதை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு கதவு அடைபட்டது.

இருபத்தாறு நாளில் முதல் தடவையாக வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும் இருந்தார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்து பிள்ளையை மார்பில் போட்டாள். அப்போதுதான் அறை வாசலில் தொங்கிய சீலைத் திரை உள்பக்கமாக இழுபடுவதைக் கண்டாள். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத் திரை இழுபட்டது; நின்றால் தொங்கியது. வெளிச்சத்தில் மிதந்த தூசி ஒரு கோடாக வந்து அவனுடைய வாயோரத்தில் நுழைந்தது. அவன் காம்பின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு, பீறிவரும் பாலுக்கு ஈடுகொடுக்க முடியாமல், ளக் ளக்கென்று பாலோடு கச்சானையும் விழுங்கிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வந்த கோபம் அதுவரை வந்த கோபங்களையெல்லாம் சிறிதாக்கியது. இதற்காகவா பருப்பு? இதற்காகவா தண்ணீர்? சுண்டுவிரலை அவனுடைய வாயோரத்தில் விட்டுப் பிடியைக் கழற்றினாள். முதலில் பீறிய பாலைத் துணியில் பிழிந்துவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, காம்பால் அவனுடைய உதட்டைத் தடவி, கொட்டாவிபோல் வாய் பிளக்கும்வரை காத்திருந்து, மோவாய் மார்பில் அழுந்தும்படி முழுவதுமாக அணைத்துக் கொடுத்தாள். ளக் சத்தம் நின்றது. திரை ஆடாமல் தொங்கியது. இனிப் புதுக்காற்று போகாது. ஆனால் இருபத்தாறு நாள் காற்று உள்ளே இருந்தது. மல்லாக்கக் கிடத்திக் கால்களை மெல்ல மடக்கி மடக்கி நீட்டினாள். பிறகு தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாதவள் பட்டப்பகலில் கடற்கரைக்குப் போவதைச் சாய்ந்தமருது அதற்குமுன் கண்டதில்லை. ஏசிக்கொண்டே கூட்டம் பின்னால் போனது. சரீபா நனைமணலில் நின்று, நூஹு மறைந்த திக்கைப் பார்த்தபடி, பிள்ளையின் முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவித் தட்டினாள். தோளில் கிடந்த பிள்ளையின் முகம் ஊரைப் பார்த்திருந்தது. மீராசாஹிபு இரண்டு முழத் தூரத்தில் நின்று, "இவளுக்குப் பைத்தியம் புடிச்சிட்டு" என்று சொல்லி முடிக்கவில்லை.

அபுல் ஹஸன் ஏப்பம் விட்டான்.

மீராசாஹிபுவின் குடை முதலில் போனது. தொப்பிகள், முக்காடுகள், மீன் வாடியின் கூரை, காயப்போட்டிருந்த இரண்டு வலை எல்லாம் மேற்கே போயின. நின்றவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் படுத்தார்கள். பின்னேர அஸர் பாங்குவரை அந்த ஒரே ஏப்பம் நீண்டது. குடையை மறுநாள் நாவிதன்வெளியில் ஒரு வரம்பில் கண்டெடுத்தார்கள். சரீபாவுக்கு முன்னால் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அந்தி மஃரிபுக்குச் சற்று முன் ஆறு பேரும் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். உதடு வெடித்து, உப்புப் பூத்து நின்ற நூஹுவை அவள் உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள்.

"வஅலைக்கும் ஸலாம்," என்றாள். "வீட்ட வாங்க. எனக்குப் பசிக்கிது."

அன்றைக்குப் பருப்பும் பலாக்காய்க் கறியும் ஆக்கி இரண்டு பீங்கான் தின்றாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் ஒருவரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பாலைப் பற்றிய பேச்சை மட்டும் விட்டுவிட்டார்கள். றாபியாவோடு அவள் மூன்று வருடம் கதைக்கவில்லை. ஐம்பத்தொன்பதுக்குள் இன்னும் மூன்று பிள்ளைகள் பெற்றாள். ஒவ்வொன்றுக்கும் முதல் மூன்று மாதம் கொஞ்சம் காற்று இருந்தது; குடித்ததும் மேற்கே முகம் பார்க்கத் தோளில் போட்டு அதை வெளியே அனுப்பினாள். அந்த மாதங்களில் தோணி இறக்குமுன் மீராசாஹிபு தாமே வந்து வேலிக்கு வெளியே நிற்பது வழக்கமானது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"மகள், புள்ள ஏப்பம் உட்டுட்டா?"

சரீபா முதலில் தின்பதைத் தின்று முடிப்பாள். கையைக் கழுவுவாள். பிள்ளையின் வாயைத் துடைப்பாள்.

"ஓம். இறக்குங்க," என்பாள்.

இறக்கினார்கள்.