கட்டைவிரல் இருந்த பொத்தான்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையிலிருந்து பிறந்தது. அந்த அறிக்கையை எழுதிய புண்ணியவான் நான்தான். இத்தாலியின் வியாரெஜ்ஜோவில், படகு கட்டும் துறையொன்றில் வெள்ளோட்ட அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். [எனக்கு நினைவிருக்கும்வரை.]

‘அன்று கடல் அமைதியாக…’ வேண்டாம். இடப்பக்கமிருந்து காற்று அறைந்தது. விசைப்படகு வேகத்தில் காற்றை நோக்கியே சாயும்; இதுவும் இடப்பக்கம் சாய்ந்து ஓடியது.

(தெரியாதவர்களுக்கு: விசைப்படகின் பின்னடியில் இருபுறமும் தலா ஒரு தகடு, டிரிம் டேப். தகடு இறங்கினால் தண்ணீர் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொடுக்கும். படகு நேராகும், வேகம் கூடும். சூட்சுமம் ஒன்றுதான்: வலப்பொத்தானை அழுத்தினால் இடத்தகடு இறங்கும். எந்தப் பக்கம் தாழவேண்டுமோ அந்தப் பக்கத்துப் பொத்தான்.)

2

முப்பது வருடம் படகோட்டிய கேப்டன் அஸ்கானியோ, சாய்ந்தது இடப்பக்கம்தானே என்று இடப்பொத்தானை அழுத்தினார். படகு இன்னும் சாய்ந்தது. வாங்க வந்தவரின் மாமியார் மடியில் காப்பி கொட்டியது.

“இலேனியா, கம்பியத் தலைகீழாக் குடுத்திருக்க.”

மின்வேலை முழுவதையும் இலேனியா தன் பொறுப்பில் முடித்த முதல் படகு அது.

“இல்லையே கேப்டன். நீங்க எதை அழுத்துனீங்க?”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கடல்ல இருந்தவன்மா.”

அவர் பக்கத்தில்தான் நின்றேன். கட்டைவிரலைக் கண்ணால் பார்த்தேன். இலேனியா என்னைப் பார்த்தாள். நான் பென்சில் முனையைப் பார்த்தேன்.

3

அஸ்கானியோவைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் மீன் சூப் கொண்டுவந்த மனிதர். அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று எழுதினால் வாசகர் மன்னிப்பார். ஆனால் அந்த நேரத்தில் சூப் ஞாபகத்துக்கே வரவில்லை. பயம், அவ்வளவுதான். ‘கம்பி இணைப்பு தலைகீழ்’ என்று எழுதினேன்.

4

முடிவு ஒன்று: “கேப்டன், தப்பு உங்க விரல்ல” என்றேன். [அடித்துவிட்டேன். நடக்காதது.]

முடிவு இரண்டு: அறிக்கையைக் கிழித்து [இதுவும்.]

நடந்தது இது. அறிக்கையைப் படித்த மேலாளர், கம்பியை மாற்றச் சொல்லி இலேனியாவையே அனுப்பினார். இயந்திர அறையில் குப்புறக் கிடந்து, சரியாக இருந்ததைத் தவறாக மாற்றினாள். கருத்த கையோடு என் மேசைக்கு வந்தாள்.

“மாத்திட்டேன் ரெனத்தோ. இப்ப நீங்க எழுதுனது நெசமாயிடுச்சு.”

திங்கள் முதல் அவளுக்குக் கொட்டகையில் கம்பி சுற்றும் வேலை. படகில் ஏற அனுமதியில்லை.

5

நாளை படகு உரியவரிடம் போகிறது. காற்றடிக்கும். அவர் சரியான பொத்தானைத்தான் அழுத்துவார், படகு மேலும் சாயும். மாமியாரும் கூடவே இருப்பார்.

அறிக்கையின் அடியில் ‘திருத்தம் இருப்பின்’ என்று ஒரு வரி காலியாக இருக்கிறது. காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு, அதில் எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் எந்தப் பொத்தானில் இருந்தது என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.