பிரம்மாவின் மொழியில் ஒரு வசதி

நோயாளிகளுக்கு அளவாக மருந்து ஏற்றும் பம்புகளைத் தயாரிக்கும் அந்தக் கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு புரோகிராம் மொழி உண்டு. அதை உருவாக்கியவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் பிரம்மா என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார்.

மாதம் தவறாமல் அந்த மொழிக்குப் புதிதாக ஒரு வசதி பிறக்கும். ‘இல்லையென்றால்’ என்பதை மூன்று விதமாக எழுதலாம். எண்ணுக்குப் பெயராகச் சிரிக்கும் பொம்மை முகத்தைப் போடலாம். இதையெல்லாம் எவர் பயன்படுத்துகிறார் என்று அங்கே பம்புக்குப் புரோகிராம் எழுதும் ஒரு பெண் ஒருநாள் தேடிப் பார்த்தாள். வசதி வேலை செய்கிறதா என்று சோதிக்க பிரம்மாவே எழுதிய புரோகிராமைத் தவிர வேறெதிலும் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனால் காக்கை ஊரைக் கூப்பிட்டுக் கொஞ்சச் சொல்வதில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மைக்ரோகிராமோடு மில்லிகிராமைக் கூட்டினால் மொழி மறுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்காக அனுப்பிய பம்பில் அவள் அப்படிக் கூட்டித் தொலைத்திருந்தாள். அங்கே நர்ஸாக இருக்கும் அவளுடைய அக்காதான் கண்டுபிடித்து போன் செய்தாள்.

“ஆயிரம் மடங்கு காட்டுதுடி. நல்லவேளை, யாருக்கும் மாட்டல. அடுத்த மாசம் வார்டுக்கே வருதாமே, அப்பவும் நானே பக்கத்துல நின்னு பாத்துட்டு இருப்பேனா?”

போனை வைத்ததும் அந்த வசதி வேண்டுமென்று பிரம்மாவிடம் போய்க் கேட்டாள்.

“கவனமா எழுதினா இது எதுக்கும்மா?” என்றார் அவர். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

பயந்து கேட்டால் இந்த மனிதர் காதில் ஏறாது, பகட்டாகக் கேட்டால் ஏறும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த கூட்டத்தில் அதே கோரிக்கைக்கு ‘அலகுணர் பேரறிவு’ என்று பெயர் சூட்டி, வண்ணப் படங்களோடு காட்டினாள். பிரம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“இது வேற எந்த மொழியிலயும் இல்லையே?”

சில மொழிகளில் உண்டு. அவள் அடுத்த படத்துக்குத் தாவினாள்.

“உடனே பண்ணும்மா. ஆஸ்பத்திரிக்காரங்க வர்றப்போ நானே காட்டறேன்.”

பண்ணிவிட்டாள். டாக்டர்களும் வந்து உட்கார்ந்தார்கள். பிரம்மா பெரிய திரைக்கு முன்னால் நின்று, வேண்டிய மட்டும் தன் புகழைத் தானே பாடிவிட்டு, தன் கையாலேயே எழுதிய மருந்துக் கணக்கை ஓட்டினார். அது ஓடவில்லை. மைக்ரோகிராமோடு மில்லிகிராமைக் கூட்ட முடியாது என்று திரை சிவப்பெழுத்தில் சொன்னது.

டாக்டர்கள் அதை நிதானமாகப் படித்தார்கள். பிரம்மா அவள் பக்கம் குனிந்தார்.

“இத இப்போதைக்கு அணைச்சு வை.”

“அணைக்கிற வசதி வைக்கல சார்” என்றாள் அவள், பின்வரிசைக்கும் கேட்கும்படி. “யாருக்குத் தேவைப்படப் போகுதுன்னு விட்டுட்டேன்.”