அந்தக் கோடியில் மணி என்ன?

அந்தப் பெரிய நாட்டுக்கு நான் போனதே இல்லை. ஆனால் அங்கே முதல் தடவையாகப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் பாடம் எடுப்பவள் நான்தான். எங்கள் டிராவல் ஆபீஸ் முதலாளி இதற்கு வைத்திருக்கும் பெயர் பயண விளக்கக் கூட்டம். என் கணவரின் அக்கா வைத்திருக்கும் பெயர் கப்சாக் கடை.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரே வீடுதான், கீழே நாங்கள், மாடியில் அவர் தனியாக. அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் பெரிய நாட்டில்தான் வேலை பார்க்கிறார்கள். மூத்தவன் போனை எடுத்தால் வைக்கமாட்டான். சின்னவனுக்கு அண்ணி வைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான். இங்கே இருந்தவரை அவனும் லொடலொட என்று பேசியவன்தான். அங்கேயும் அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தபோது நன்றாகத்தான் பேசினான். வேறு ஊரில் வேலை கிடைத்துத் தனியாகப் போனானே, அதிலிருந்து வாய்க்குப் பூட்டு. எதைக் கேட்டாலும் "ம்", "சரிம்மா", அவ்வளவுதான். வீடியோவில் வந்தாலும் ஒரே இருட்டு.

"லைட்டப் போடேன்டான்னா கரண்டு வேஸ்ட்டுங்கறான். இப்படி ஒரு கஞ்சப் பயலயா நான் பெத்தேன்?" என்று கீழே வந்து என்னிடம் பொரிவார். பொரிந்து முடித்ததும் குரல் இறங்கிவிடும். "எம்மேல என்ன கோபமோ தெரியல. வேண்டாதவகிட்ட பேசற மாதிரியே பேசறான்." எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆனால் கூடவே உட்கார்ந்து அழுதால் அண்ணிக்குப் பிடிக்காது. "நீங்க மூச்சு விட எடம் குடுத்தாத்தானே அவன் பேசுவான்" என்பேன். முறைத்துவிட்டு மாடி ஏறுவார்.

இந்த முறை ஒரு முடிவோடு இருந்தார். மூட்டு வலியோடு இனி இன்னொரு தடவை அவ்வளவு தூரம் பறக்க முடியாது. போவது ஒரே பயணம், அதுவும் மூத்தவன் வீட்டுக்கு மட்டும்.

"சின்னவன் வேணும்னா வந்து பாத்துட்டுப் போகட்டும். பக்கத்து ஊர்தானே? நான் ஏன் வலியப் போய் நிக்கணும்?"

டிக்கெட்டை உறுதி செய்ய ஆபீசுக்கு வந்தவரை அப்படியே பிடித்துக் கூட்டத்தில் உட்கார வைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஐந்தாறு பேர். முன்வரிசையில் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், நான் பேசும் முன்பே தலையாட்டிக்கொண்டிருந்தார். அண்ணி கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை வம்புக்கு இழுக்கத் தயாராக.

"அங்க ஒரு ரயில் இருக்கு. ஒரு வாரம் ஓடினாலும் நாடு முடியாது" என்று ஆரம்பித்தேன்.

"நம்ம ஊர் பஸ்ஸுக்கும் அதே கதைதான்" என்றார் அண்ணி.

"குளிர்காலத்துல ஆறு கெட்டியா உறைஞ்சிடும். அது மேலயே கார் ஓட்டிட்டுப் போவாங்க."

"போலீஸ்காரன் எங்க நிப்பான்? மீனோடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சம்பளத்துக்குத்தான் பேசுகிறேன் என்றாலும் எனக்கும் ரோஷம் உண்டு. வைத்திருந்ததிலேயே பெரிய சரக்கை எடுத்துவிட்டேன்.

"அந்த நாட்டுல இந்தக் கோடிக்கு ஒரு மணி, அந்தக் கோடிக்கு ஒரு மணி. இங்க ஒருத்தர் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது, அங்க இன்னொருத்தர் நடு ராத்திரி தாண்டிக் குறட்டை விட்டுட்டு இருப்பார். ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட்."

"அளக்கறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? எம்புள்ளைங்க ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க. எங்கிட்டயேவா?"

"அப்படியா? வாங்க, மேப்புலயே காட்டறேன்" என்றேன்.

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் இடது ஓரத்தில், மூத்தவன் ஊரில் ஒரு விரலை வைத்தேன். "சின்னவன் ஊர் எது?" என்று கேட்டேன். நான்கு வருஷமாக அங்கே இருக்கிறான், பக்கத்து ஊர் என்று அவன் சொன்னதோடு சரி, நாங்கள் யாரும் மேப்பில் தேடியது கிடையாது. அண்ணிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. போனில் இருந்த விலாசத்தை எடுத்துக் காட்டினார்.

மூத்தவன் ஊருக்கு அக்கம்பக்கத்தில் தேடினேன். இல்லை. விரல் நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தது. அங்கேயும் இல்லை. வரைபடத்தின் வலது ஓரத்தைத் தண்ணீர் கேன் மறைத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் எழுந்து வந்து கேனை நகர்த்தினார். கடலை ஒட்டி, அதற்கு மேல் நாடே இல்லாத இடத்தில் இருந்தது சின்னவன் சொன்ன பக்கத்து ஊர்.

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஜெயித்த மிதப்பு. "நீங்க அவனுக்குத் தினம் எப்ப போன் பண்ணுவீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ராத்திரிச் சமையல் முடிச்சதும் பெரியவன்கிட்ட பேசுவேன். அப்பதான் ஆபீஸ் விட்டு வந்திருப்பான். அவன் வச்சதும் சின்னவன்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். "சரி, அடுத்தது லக்கேஜ்..." என்று தாவப் பார்த்தேன்.

"இரு. அப்ப அவனுக்கு அங்க மணி என்ன?"

"அது வந்து அண்ணி..."

"என்ன மணின்னு கேட்டேன்."

"ராத்திரி ரெண்டரை, மூணு."

அண்ணி வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார்.

"நாலு வருஷமா?" என்றார் அண்ணி. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார். "இப்ப அங்க என்ன மணி?"

"சாயங்காலம் ஆறு இருக்கும்."

கூட்டம், பாடம் எதையும் பார்க்கவில்லை. வீடியோவிலேயே கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அம்மா! என்னாச்சும்மா? இந்த நேரத்துல கூப்பிடற? உடம்புக்கு என்ன? பக்கத்துல யாரு இருக்கா?"

"ஒரு கேடும் இல்ல. அங்க வெளிச்சமா இருக்கா?"

"இருக்கும்மா."

"மூஞ்சியக் காட்டு."

காட்டினான். ஜன்னல் பக்கம் நின்றிருந்தான், முகத்தில் நல்ல வெயில். கண்ணாடி போட்டிருந்தான். காதோரம் இரண்டு பக்கமும் நரைத்திருந்தது.

"கண்ணாடி எப்படா போட்ட?"

"அது ஆச்சும்மா ரெண்டு வருஷம்."

அழுகை வந்தால் அண்ணிக்குக் கோபம்தான் முந்தும். "ஏன்டா, ராத்திரி மூணு மணிக்கு எழுப்பிவிடறேன், தூக்கம் வருதும்மான்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் பின்கழுத்தைச் சொறிந்தான். "சொல்லியிருந்தா நீ கூப்பிடறத விட்டிருப்பே. பாவம் தூங்கட்டும்னு ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளுவே. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை ஆயிடும். எனக்கு இங்க வேற யாரும்மா இருக்கா? அலாரம் வச்சு எழுந்துப்பேன். தூக்கக் கலக்கத்துல வாய்தான் வராது. நீ பேசறதக் கேட்டுட்டே இருப்பேன்."

பிறகு ஊமைக்கோட்டான் பேசினான் பாருங்கள்! வீட்டுக்காரர், ஆபீஸ், சமைக்கப்போய்க் கருக்கிய பாத்திரம் என்று ஒன்று விடவில்லை. என் வகுப்பில் மிச்சமிருந்த நேரம் முழுவதையும் அவனே எடுத்துக்கொண்டான். வந்திருந்தவர்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை.

போனை வைத்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார் அண்ணி. "டிக்கெட்ட அந்தக் கோடிக்குப் போடு."

"ரொம்ப தூரம் அண்ணி. மூட்டு தாங்காது."

"தாங்கும். பெரியவன் வேணும்னா வந்து பாத்துட்டுப் போகட்டும். பக்கத்து ஊர்தானே?"

அன்று ராத்திரி மாடிக்குப் போனேன். ராத்திரிச் சமையல் முடிந்திருந்தது. அண்ணி மூத்தவனோடு பேசி முடித்தார். பழக்கதோஷம், விரல் அடுத்த பெயருக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டு போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"தூங்கட்டும் பாவம்" என்றார்.

தட்டை எடுத்து வைத்தார். சாப்பிடவில்லை. கவிழ்ந்து கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மணி அடித்தது.

திரையில் இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து கரகரத்த குரல் வந்தது. "என்னம்மா, இன்னிக்கு இன்னும் கூப்பிடல?"

"அறிவு இருக்காடா உனக்கு? மத்தியானம் அவ்வளவு பேசினது பத்தலயா? அலாரத்த அணைச்சுட்டுப் படுடா, எருமை!"

"ம்" என்றான்.

"என்னடா 'ம்'? உன்னை எல்லாம் என்ன செஞ்சா தகும்?"

"சரிம்மா."

கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே இருந்தாரே தவிர, போனை வைக்கவில்லை.